பி.எம். கிசான் பணம் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

முசிறிப் பக்கம் எங்களுக்கு ஒன்றே கால் ஏக்கர் இருக்கிறது. வாழை போடுகிறோம். அப்பா இருந்தவரை விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் பணம், நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய், அவர் கணக்கில் ஏறிவிடும். மரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கழி வாங்க அந்த நேரத்தில் அது பெரிய உதவி. 2021இல் அப்பா இறந்தார், பணமும் நின்றது. அது என் பெயருக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. போக வேண்டிய இடம் தெரிந்திருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது.

ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்து நின்றுபோனவர்கள் முதலில் பி.எம். கிசான் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். நிலம், இ-கேஒய்சி, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு என்று மூன்று வரி வரும். எதில் 'நோ' என்று இருக்கிறதோ அதற்கு மட்டும் அலைந்தால் போதும். இ-கேஒய்சி என்பது ஆதார் மூலம் நீங்கள்தான் என்று உறுதிசெய்வது. அது சுலபம்: ஆதாரோடு இணைந்த கைபேசி இருந்தால் ஓடிபி, இல்லாவிட்டால் பொது சேவை மையத்தில் கைரேகை.

நிலம்தான் பெரிய வேலை. 1.2.2019க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு உண்டு. இது தெரியாமல் ஒரு சேவை மையத்தில் "தேதி தாண்டிவிட்டது" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நானும் நம்பிப் பல மாதம் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் இருக்காதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்துப் பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுங்கள். புதுப் பட்டா வந்ததும் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். என் பட்டாவில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரலாம். நான் ஆதாரைத் திருத்திக்கொண்டு, சிட்டா நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போனேன். அங்கே உதவி வேளாண்மை அலுவலர் சரிபார்த்த பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது.

அப்புறமும் பணத்தைக் காணோம். கடைசியில் பார்த்தால், நகைக்கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கியபோது மானியம் அங்கே வரட்டும் என்ற படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 2,000 ரூபாய் அங்கே கிடந்தது. ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்தப் பாஸ்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம், ஒருவருக்குத்தான் பணம். வருமான வரி கட்டுபவர்களுக்குக் கிடையாது. விவசாயிகளுக்குக் கொடுக்கும் தனித்துவ அடையாள எண்ணுக்கும் பதிந்துவிடுங்கள். வாட்ஸப்பில் பி.எம். கிசான் பெயரில் வரும் ஏபிகே கோப்பை (கைபேசியில் செயலியை ஏற்றும் கோப்பு) தொடவே வேண்டாம், கணக்கைத் துடைத்துவிடுவார்கள். சந்தேகம் என்றால் 155261க்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் பக்கத்து வயலைக் குத்தகைக்கு ஓட்டும் அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு எங்கே எழுதிக் கொடுக்கணும்?" என்றார். நிலம் அவர் பெயரில் இல்லாததால் இந்தத் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. இத்தனை வருஷமாகச் சேற்றில் நிற்பவர் அவர்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.