ஓடை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கரை மீறும்? கணக்கில் நேரும் தவறுகள்

சென்னையில் வேளச்சேரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் வீராங்கல் ஓடை போன்ற சிற்றோடைகளில் தண்ணீர் மளமளவென்று ஏறிவிடும். ஆனால் அவற்றின் வெள்ளத்தைக் கணிக்க முனைவோர் முதலில் கையில் எடுப்பது ஒரு நாளின் மொத்த மழையளவை. ஆகப் பெரிய தவறு இதுதான். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 செ.மீ. மழை 24 மணி நேரத்தில் சீராகப் பெய்து, அத்தனையும் வழிந்தோடினால் ஓடைக்கு வருவது விநாடிக்கு 1.2 கன மீட்டர். அதே மழை ஒரு மணி நேரத்தில் கொட்டினால் ஏறத்தாழ 28 கன மீட்டர். நாளிதழில் இரண்டுமே '10 செ.மீ.'தான். மணிவாரியான அளவாவது, முடிந்தால் 15 நிமிட அளவு, கையில் இல்லாமல் கணக்கைத் தொடங்கவே கூடாது.

மழைமானி பக்கத்தில் இருப்பதும் முக்கியம். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., அதே சென்னையின் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது.

அடுத்தது, வயலும் தோப்பும் இருந்த காலத்துப் பதிவுகளை இன்றைய ஓடைக்குப் பொருத்துவது. நகரமான பகுதிக்கு எல்லா வெள்ளத்தையும் ஒரே மடங்கால் பெருக்குகிறார்கள், அதுவும் பிழை. முன்பு சிறுமழையை மண் குடித்துவிடும். இப்போது கான்கிரீட் அதை அப்படியே ஓடைக்கு அனுப்புகிறது. ஆகவே அடிக்கடி வரும் சிறு வெள்ளங்களே மிக அதிகமாகப் பெருகும். பெருமழையில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் என்பதால் பெருவெள்ளம் அந்த அளவுக்கு அதிகரிக்காது.

மழை எத்தனை அரிதோ வெள்ளமும் அத்தனை அரிது என்று எண்ணவும் கூடாது. சிறுபாலத்தின் கண்களைக் குப்பை அடைத்திருந்தாலோ, சதுப்பு நிலம் நிறைந்து தண்ணீர் எதிர்த்து நின்றாலோ நடுத்தர மழையே தெருவுக்குள் புகும். சுவரில் உள்ள வெள்ளக் கறையின் உயரத்தோடு, அன்று பாலம் அடைபட்டிருந்ததா என்றும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அளவீட்டுக் கருவியும் இல்லாத ஓடைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

'நூறாண்டு வெள்ளம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது' என்பது ஆபத்தான நம்பிக்கை. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 20 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அது வர 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் 4 சதவீத வாய்ப்புள்ள 25 ஆண்டு வெள்ளத்துக்கோ அதே காலத்தில் 56 சதவீதம்.