பேக்கேஜ் புதுப்பித்த பின் பிழை கையாளும் நிரல் உடைந்தால்: ஆர் மொழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர் மொழியில் எழுதப்பட்ட பழைய பகுப்பாய்வு நிரல்களைத் திறந்து பார்த்தால், ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒரு கணக்கீட்டை, பிழை வந்தாலும் நிரலை நிறுத்தாத 'ட்ரை' ஃபங்ஷனுக்குள் வைத்து ஓட்டிவிட்டு, கிடைத்த முடிவின் கிளாஸ் (அது எந்த வகைப் பொருள் என்று சொல்லும் பெயர்) 'ட்ரை-எரர்' என்பதற்குச் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டு 'இஃப்' மூலம் சோதிக்கும் வரி அது. கணக்கீடு ஓர் எண்ணைத் தரும்வரை அதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் 2020 ஏப்ரலில் வந்த ஆர் 4.0.0 பதிப்பில் மேட்ரிக்ஸ் ஒன்றின் கிளாஸ் 'மேட்ரிக்ஸ்', 'அர்ரே' என்று இரண்டு சொற்களாக மாறியது. அதனால் கணக்கீடு வெற்றிகரமாக முடிந்து ஒரு மேட்ரிக்ஸைத் தந்தபோது, 'இஃப்' வரிக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விடைகள் கிடைத்தன. அப்போது அது வெறும் எச்சரிக்கையாக இருந்ததால் பலரும் கடந்து போனார்கள். 2022 ஏப்ரலில் ஆர் 4.2.0 வந்தபோது அதே நிலை முழுப் பிழையாக்கப்பட்டது. பிழையைக் கண்டுபிடிக்க எழுதிய வரியே, பிழை எதுவும் நடக்காத வேளையில் நிரலை நிறுத்தத் தொடங்கியது.

இத்தகைய உடைவுகளில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. பிழை கையாளும் நிரலை எழுதும்போது, பேக்கேஜை (பிறர் எழுதிப் பகிரும் ஃபங்ஷன் தொகுப்பை) எழுதியவர் ஒருபோதும் உறுதியளிக்காத ஒன்றை நாம் நம்பியிருக்கிறோம்: செய்தியின் வாசகத்தை, கிளாஸ் பட்டியலின் முதல் சொல்லை, எச்சரிக்கை எதுவும் வராது என்ற அமைதியை. புதுப்பிப்பு அந்த நம்பிக்கையைக் கலைக்கிறது. மேலே சொன்ன வரிக்குத் திருத்தம் மிகச் சிறியது. இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக 'இன்ஹெரிட்ஸ்' ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், கிளாஸ் பட்டியலில் எத்தனை சொற்கள் இருந்தாலும் ஒரே ஒரு விடைதான் வரும்.

அடுத்த தவறு, பிழைச் செய்தியின் எழுத்துகளைத் தேடி முடிவெடுப்பது. செய்தி மனிதர் படிப்பதற்காக எழுதப்படுவது. அதைத் தெளிவாக்குவதற்காகப் பேக்கேஜ் எழுதுபவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், மாற்றவும் வேண்டும். அட்டவணைத் தரவைக் கையாளும் டிப்ளையர் பேக்கேஜில், நெடுவரிசை சேர்க்கும் 'மியூட்டேட்' தரும் பிழைச் செய்தியின் முன்னுரை சில ஆண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறியிருக்கிறது. டிப்ளையர் போன்றவை பிழை எழுப்பப் பயன்படுத்தும் ஆர்லாங் பேக்கேஜின் 1.0.0 பதிப்பு 2022 ஜனவரியில் வந்த பின், செய்திகள் பல வரிகளாகவும் புள்ளிக்குறிகளோடும் வருவது வழக்கமாகிவிட்டது. போதாக்குறைக்கு, ஆர் மொழியின் அடிப்படைச் செய்திகளே கணினியின் மொழி அமைப்புக்கேற்ப மொழிபெயர்க்கப்பட்டுத் தோன்றக்கூடியவை. ஆங்கிலச் சொல்லைத் தேடும் நிரல் பிரெஞ்சு அமைப்புள்ள கணினியில் எதையும் கண்டுபிடிக்காது. இதனோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், பிழைப் பொருளிலிருந்து டாலர் குறி போட்டு 'மெசேஜ்' பகுதியை நேரடியாக எடுப்பது. ஆர்லாங் எழுப்பும் பிழைகளில் அந்தப் பகுதி தலைப்பை மட்டும் தாங்கியிருக்கலாம், சில வேளை வெறுமையாகவும் இருக்கலாம். முழு வாசகம் வேண்டுமென்றால் 'கண்டிஷன்மெசேஜ்' ஃபங்ஷன் வழியாகத்தான் பெற வேண்டும்.

செய்தியை விட்டுவிட்டுக் கிளாஸைப் பிடித்தாலே போதும் என்று நினைப்பவர்களும் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பர்ர் பேக்கேஜின் 1.0.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அதிலிருந்து, ஒரு பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மீதும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் 'மேப்' ஃபங்ஷனுக்குள் ஒரு பிழை நேர்ந்தால், எத்தனையாவது உறுப்பில் அது நேர்ந்தது என்ற விவரத்தைச் சேர்த்து ஒரு புதிய பிழை எழுப்பப்படுகிறது. பழைய பிழை அதன் உள்ளே 'பேரண்ட்' என்ற பெயரில் வைக்கப்படுகிறது. பயனருக்கு இது பெரும் உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் உங்கள் ஃபங்ஷனில் 'தரவு_இல்லை' என்ற கிளாஸோடு ஒரு பிழையை எழுப்பி, 'மேப்' வரியைச் சுற்றி, பிழை வந்தால் நாம் எழுதிய கையாளியை இயக்கும் 'ட்ரைகேட்ச்' போட்டு அந்தக் கிளாஸை எதிர்பார்த்துக் காத்திருந்தால், வெளியே வந்து சேரும் பிழையின் கிளாஸ் வேறாக இருக்கும். உங்கள் பிழை அதற்குள் உறை போட்ட கடிதம்போல் இருக்கிறது. உறையின் மேல் உங்கள் கிளாஸ் எழுதப்படவில்லை. ஆகவே கையாளி இயங்காது, நிரல் நின்றுவிடும்.

இதைப் பார்த்தவுடன் 'மேப்' வரியைச் சுற்றியுள்ள கையாளியை எல்லாப் பிழைகளையும் பிடிப்பதாக அகலப்படுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரியான இடம் உள்ளே இருக்கிறது: ஒவ்வொரு உறுப்பின் மீதும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே 'ட்ரைகேட்ச்' வைத்தால், பர்ர் உறை போடுவதற்கு முன்பே உங்கள் பிழை உங்கள் கைக்கு வந்துவிடும். வெளியில்தான் பிடித்தாக வேண்டும் என்ற சூழலில், பிழையைப் பெற்றபின் ஆர்லாங்கின் 'சிஎன்டி_இன்ஹெரிட்ஸ்' மூலம் அந்தப் பிழையோ அதன் முன்னோர்களில் எதுவுமோ நமது கிளாஸைச் சேர்ந்ததா என்று கேட்கலாம். இல்லை என்ற விடை வந்தால், பெற்ற பிழையை அப்படியே 'ஸ்டாப்' ஃபங்ஷனிடம் கொடுத்து மீண்டும் எழுப்பிவிட வேண்டும், விழுங்கிவிடக் கூடாது.

எச்சரிக்கைகளைப் பிடிப்பதில் நேரும் தவறு இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்று நினைக்கிறேன், ஏனெனில் அது நிரலை நிறுத்தாமல் முடிவை மாற்றுகிறது. நான் ஒருமுறை ஆயிரம் மறுமாதிரிகளின் (மூலத் தரவிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்த மாதிரிகளின்) மேல் ஒரே புள்ளியியல் மாடலைப் பொருத்தும் சுழற்சியை ஓட்டினேன். ஒவ்வொரு பொருத்தமும் 'ட்ரைகேட்ச்' உள்ளே இருந்தது. எச்சரிக்கை வந்தால் மதிப்பு இல்லை என்ற 'என்ஏ' குறியைத் திருப்பித் தருமாறு கையாளி எழுதியிருந்தேன், ஏனெனில் பொருத்தம் ஒரு நிலையான விடைக்குக் குவியாதபோது எச்சரிக்கை வரும். பேக்கேஜ்களைப் புதுப்பித்த மறுநாள், முதல் மறுமாதிரி மட்டும் 'என்ஏ' என்று வந்தது. மற்ற 999 மறுமாதிரிகளும் முன்பு போலவே முடிந்திருந்தன. தரவில்தான் கோளாறு என்று எண்ணி அந்த முதல் மறுமாதிரியை நெடுநேரம் ஆராய்ந்தேன். அதைத் தனியாக ஓட்டினால் ஒழுங்காக ஓடியது, இதுதான் என்னை மேலும் குழப்பியது.

நடந்தது இது. உள்ளே அழைக்கப்பட்ட ஒரு ஃபங்ஷன் புதிய பதிப்பில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, வழக்கொழிவை அறிவிக்க உதவும் லைஃப்சைக்கிள் பேக்கேஜ் வழியாக எச்சரிக்கை தரத் தொடங்கியிருந்தது. அந்த வகை எச்சரிக்கை 8 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எழும். 'ட்ரைகேட்ச்' எச்சரிக்கையைப் பிடித்த கணமே உள்ளே ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டைக் கைவிட்டு வெளியேறிவிடும். எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டு கணக்கீட்டைத் தொடரும் வழக்கம் அதற்குக் கிடையாது. எனவே முதல் அழைப்பில் நல்ல பொருத்தம் ஒன்று பாதியில் கைவிடப்பட்டது, அடுத்த அழைப்புகளில் எச்சரிக்கை எழவே இல்லை. நான் தனியாக ஓட்டியபோதும் அதே அமர்வில் எச்சரிக்கை ஏற்கெனவே எழுந்து முடிந்திருந்தது.

எச்சரிக்கையைப் பதிவு செய்ய மட்டும் விரும்பினால் 'வித்காலிங்ஹேண்ட்லர்ஸ்' பயன்படுத்தி, கையாளியின் முடிவில் 'மஃபில்வார்னிங்' என்ற மறுதொடக்கத்தை அழைக்க வேண்டும். அப்போது கணக்கீடு விட்ட இடத்திலிருந்து தொடரும். குறிப்பிட்ட எச்சரிக்கையை மட்டும் அடக்க வேண்டுமென்றால், ஆர் 4.0.0 முதல் 'சப்ரெஸ்வார்னிங்ஸ்' ஃபங்ஷனுக்குக் கிளாஸ் பெயரைத் தர முடியும். புதுப்பித்தவுடன் ஒருமுறையாவது 'லைஃப்சைக்கிள்_வெர்பாசிட்டி' அமைப்பை 'எரர்' என்று வைத்து முழு நிரலையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. 8 மணி நேரக் கணக்கு அப்போது குறுக்கிடாது, வழக்கொழிந்த அழைப்புகள் அனைத்தும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இந்தச் சோதனைக்கு முன் உங்கள் கையாளிகளை விலக்கி வைக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் அந்தப் பிழைகளையும் அவை விழுங்கும்.

கோளாறைத் தேடும் முறையிலும் சில தவறுகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் அமர்விலேயே பேக்கேஜை நிறுவுவது அவற்றில் முதன்மையானது. ஆர்லாங், சிஎல்ஐ, விசிடிஆர்எஸ், லைஃப்சைக்கிள் போன்றவற்றை வேறு பல பேக்கேஜ்கள் பின்னணியில் ஏற்றி வைத்திருக்கும். வட்டில் புதிய பதிப்பு அமர்ந்துவிட்டாலும் நினைவகத்தில் பழையதே இருக்கும். அப்போதுதான் 'இந்தப் பதிப்பு ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ளது, இதைவிடப் புதியது தேவை' என்ற பொருளில் வரும் செய்தியைக் காண்கிறோம். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: 'பேக்கேஜ்வெர்ஷன்' வட்டில் உள்ள பதிப்பைச் சொல்கிறது, 'கெட்நேம்ஸ்பேஸ்வெர்ஷன்' நினைவகத்தில் உள்ளதைச் சொல்கிறது. இரண்டும் வேறுபட்டால் அமர்வை மறுதொடக்கம் செய்வதே மருந்து. விண்டோஸில் பயன்பாட்டில் இருக்கும் கோப்பை மாற்ற இயலாததால் நிறுவல் பாதியில் நின்று பேக்கேஜே சிதைந்துபோவதும் உண்டு. அமர்வு தொடங்கும்போதே ஆர்ப்ரொஃபைல் கோப்பு பேக்கேஜ்களை ஏற்றுகிறதா என்பதையும், 'லிப்பாத்ஸ்' காட்டும் அடைவுகளில் ஒரே பேக்கேஜின் இரண்டு பிரதிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

'ட்ரைகேட்ச்' பிடித்த பிழைக்கு, எந்த அழைப்புகள் வழியாகப் பிழை வந்தது என்று காட்டும் 'ட்ரேஸ்பேக்' கேட்டுப் பயனில்லை, ஏனெனில் கையாளி இயங்கும் முன்பே அழைப்பு அடுக்கு கலைந்துவிடுகிறது. கையாளியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பிழையை அப்படியே விழ விடுங்கள். அல்லது 'வித்காலிங்ஹேண்ட்லர்ஸ்' உள்ளே 'சிஸ்காள்ஸ்' அழைத்து, அடுக்கு இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதைச் சேமியுங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்புவதென்றால் ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் பின்னோக்கி நகர்த்துவது பெரும்பாலும் புதிய சிக்கலைத்தான் கொண்டுவரும். புதிய டிப்ளையர் குறைந்தபட்சம் இந்தப் பதிப்பு ஆர்லாங் வேண்டும் என்று கேட்கும். ஆர்லாங்கை மட்டும் பழையதாக்கினால் டிப்ளையர் ஏறவே ஏறாது. ஒன்றாக ஓடிய பதிப்புகளை ஒரு தொகுதியாகவே மீட்க வேண்டும். அதற்கு, எல்லாம் ஒழுங்காக ஓடிய நாளிலேயே பேக்கேஜ் பதிப்புகளைக் குறித்து வைக்கும் ரென்வ் பேக்கேஜ் மூலம் 'ஸ்னாப்ஷாட்' எடுத்து, அது எழுதும் லாக் கோப்பைக் கிட் (Git) களஞ்சியத்தில் சேர்த்திருக்க வேண்டும். ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானைத் தேதி வாரியாக அப்படியே சேமித்து வைத்திருந்த மைக்ரோசாஃப்டின் எம்ரான் சேவை 2023 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. அதை நம்பியிருந்த பழைய நிரல்கள் இப்போது அந்த வழியில் எதையும் நிறுவ முடியாது. கிரான் தன் காப்பகத்தில் பழைய மூலக் கோப்புகளை வைத்திருக்கிறது, 'ரிமோட்ஸ்' பேக்கேஜின் 'இன்ஸ்டால்_வெர்ஷன்' அங்கிருந்து எடுத்துத் தரும். ஆனால் சி மொழிப் பகுதிகள் உள்ள பேக்கேஜ் என்றால் அதை உங்கள் கணினியிலேயே தொகுக்க வேண்டியிருக்கும்.

லாக் கோப்பின் இரண்டு பிரதிகள், அதாவது ஓடிய நாளுடையதும் உடைந்த நாளுடையதும், கையில் இருந்தால் தேடல் எளிதாகிவிடும். வேறுபடும் பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்து, அவை ஒவ்வொன்றின் 'நியூஸ்' கோப்பிலும் பிழை, எச்சரிக்கை, வழக்கொழிவு பற்றிய வரிகளை முதலில் படியுங்கள். பர்ர் செய்த மாற்றம் போன்றவை அங்கே வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். அதிலும் பிடிபடவில்லை என்றால், பழைய தொகுதியிலிருந்து தொடங்கிப் பட்டியலில் பாதியைப் புதுப்பித்து ஓட்டிப் பார்த்து, உடைந்த பாதியை மீண்டும் பாதியாக்கிச் செல்லுங்கள். பதினாறு பேக்கேஜ்கள் மாறியிருந்தாலும் நான்கைந்து ஓட்டங்களுக்குள் குற்றவாளி தெரிந்துவிடும்.

சோதனைகளைப் பற்றி ஒன்று மட்டும். நிரலைச் சோதிப்பதற்கான டெஸ்ட்தட் பேக்கேஜின் 'எக்ஸ்பெக்ட்_எரர்' சோதனையில் மற்றவர் பேக்கேஜின் செய்தி வாசகத்தை எழுதி வைக்காதீர்கள். கிளாஸ் என்ற உள்ளீடு அதற்காகவே இருக்கிறது. உங்கள் சொந்தப் பிழைகளையும் ஆர்லாங்கின் 'அபார்ட்' மூலம் ஒரு கிளாஸ் பெயரோடு எழுப்பினால், நாளை நீங்கள் செய்தியை மெருகேற்றும்போது உங்கள் பேக்கேஜை நம்பியிருக்கும் இன்னொருவரின் கையாளி உடையாது.