இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால்: டெல்டா மாவட்டப் பெற்றோருக்கு

பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லையே என்ற கவலையை வீட்டில் முதலில் வாய்விட்டுச் சொல்பவர் பெரும்பாலும் தாய்தான். அதை அடக்குவதற்கு, "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்ற ஒரு வாக்கியம் பட்டுக்கோட்டை முதல் சீர்காழி வரை எல்லா வீட்டிலும் தயாராக இருக்கிறது. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தாமதமாகப் பேசத் தொடங்கிப் பிறகு சரியாகிவிடும் குழந்தைகள் உண்டு. ஆனால் எந்தக் குழந்தை தானாகச் சரியாகும், எந்தக் குழந்தைக்குச் செவிக் குறைபாடோ, ஆட்டிசமோ (பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை), அறிவுவளர்ச்சித் தாமதமோ காரணம் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போவது ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான்.

ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, விரலால் சுட்டிக் காட்டாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதது, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரு சொற்களைச் சேர்க்காதது ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால், வயது எதுவானாலும், அறுவடை முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கலாகாது.

கிளம்புவதற்கு முன் ஒரு வார காலம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "சரியாகப் பேசமாட்டேங்கிறான்" என்று மருத்துவரிடம் சொன்னால் அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. "பசித்தால் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போகிறான், ஆனால் முறுக்கு டப்பாவை விரலால் காட்டுவதில்லை, கொல்லையில் கன்றுக்குட்டி வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை, பொம்மை வண்டியின் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறான்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். சாப்பிடும்போது, விளையாடும்போது, பெயர் சொல்லி அழைக்கும்போது என்று மூன்று சிறு வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் கூட்டத்தில் மிரண்டு அழுகிற குழந்தையைப் பத்து நிமிடம் பார்ப்பதைவிட இவை அதிகம் சொல்லும். பிரசவக் குறிப்பு, பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா என்ற விவரங்களும் கையில் இருக்கட்டும்.

முதல் பரிசோதனை செவிக்குத்தான். இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். கோயிலில் தவில் அடித்தால் திரும்புகிறானே, காது நன்றாகக் கேட்கிறதே என்பார்கள். தவிலின் அதிர்வையும் உரத்த ஓசையையும் உணரும் குழந்தைக்கு, பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள் கேளாமல் போகலாம். கேளாத ஒலியைத் திருப்பிச் சொல்ல எவராலும் முடியாது. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பெரா எனப்படும் பரிசோதனை குழந்தை தூங்கும்போது எடுக்கப்படுவது. ஆகவே முந்தைய இரவு சற்றுத் தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேதாரண்யத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வழியெல்லாம் தூங்கிவிட்ட பிள்ளை ஆய்வறையில் கொட்டக் கொட்ட விழித்திருந்தால் இன்னொரு நாள் வர வேண்டியதாகிவிடும். கடுமையான செவிக் குறைபாடு உறுதியானால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் கேட்கும் கருவி) பொருத்த வழியுண்டு. அதற்கு ஆறு வயதுக்குள் என்ற வரம்பு உள்ளதால் தாமதம் இங்கே நேரடியாகவே கதவை மூடிவிடும்.

எங்கே போவது? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி ஒரு மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம். அரசு மருத்துவமனையில் "டி.இ.ஐ.சி." என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழுவுக்காகக் காத்திராமல், தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நேரடியாகவும் காட்டலாம். கூத்தனூர் சரஸ்வதிக்கோ நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ வேண்டிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. வேண்டுதல் முடிந்த பின்தான் டாக்டர் என்ற வரிசையில்தான் மறுப்பு. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஆட்டிசத்தைக் குணமாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் மருந்து எதையும் வாங்காதீர்கள். அப்படி ஒரு மருந்து இல்லை.

நோயின் பெயர் முடிவாகும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டியதில்லை. "அம்மா சொல்லு, அத்தை சொல்லு" என்று விரட்டுவதை முதலில் நிறுத்துங்கள். அது குழந்தைக்குப் பரீட்சையாகிவிடுகிறது. அதன் கண்மட்டத்திற்கு உட்கார்ந்து, அது எதைப் பார்க்கிறதோ அதற்குப் பெயர் சொல்லுங்கள்: "மாடு. மாடு வருது." பிடித்த வாழைப்பழத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். கை நீட்டினாலும் சிறு ஒலி எழுப்பினாலும் "பழம்" என்று சொல்லி உடனே கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று அழவைப்பதல்ல நோக்கம். செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை, ஆனால் பேசிப் பழகும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. சாப்பாட்டு வேளையில் மட்டுமாவது அது வேறு அறையில் இருக்கட்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் அடங்கும். மருத்துவர் உறுதி செய்தால், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பல சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு என்ற அளவு கேட்கப்படும்.

குழந்தைக்கான பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் நகரத்துக்கு வர எல்லோராலும் இயலாது. அப்பா துபாயிலோ திருப்பூரிலோ இருக்க, அம்மா வேலைக்குப் போக, பிள்ளையோடு நாள் முழுதும் இருப்பவர் அப்பாயியோ அம்மாச்சியோதான். ஆகவே பயிற்சியாளரிடம், "இந்த வாரம் வீட்டில் செய்ய ஒன்றே ஒன்றைச் செய்து காட்டுங்கள்" என்று கேட்டு, அவர் அனுமதியோடு அதைப் போனில் படம்பிடித்து, அன்றிரவே அப்பாயிக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிந்தால் அடுத்த முறை அவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள்.