ஜெர்மனியில் வீடு தேடப் போகும் சேலத்துக்காரர்களுக்கு

கண்ணங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கொட்டகை போட்டு ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பக்கம் மூக்கனேரி, இன்னொரு பக்கம் சேர்வராயன் மலை. படிக்க வருபவர்களில் பாதிப் பேர் நர்ஸ்கள். மற்றவர்கள் இன்ஜினியரிங் முடித்த பையன்கள், அவர்களுக்கு வாக்கப்பட்டுக் கிளம்பப்போகும் பெண்கள். முதல் நிலைப் பாடத்தில் ‘வீடு’ வரும் வாரத்தில் அந்தக் கேள்வியும் தவறாமல் வந்துவிடும். “மேடம், பெர்லின் நல்ல ஊரா, மியூனிக் நல்ல ஊரா?”

“சேலம் நல்ல ஊரா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். செவ்வாய்ப்பேட்டைப் பையன் ஒன்று சொல்வான், ஃபேர்லேண்ட்ஸ் பெண் வேறொன்று சொல்வாள். அம்மாபேட்டையில் குடியிருந்துகொண்டு ஜங்ஷன் பக்கம் வேலைக்குப் போகிறவர் பதில் சொல்லாமல் பெருமூச்சு விடுவார். ஜெர்மனியும் அப்படித்தான். ஊர்ப் பெயரைக் கேட்டு முடிவு செய்கிறவர்கள், கடைசியில் அந்த ஊரின் ஏதோ ஒரு மூலையில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். 2012இல் கணவரின் வேலைக்காகப் போனோம். தென் ஜெர்மனியில், மலைச்சரிவில் ஒரு கிராமம். ஜூன் மாதம் வீடு பார்த்தோம். பச்சைப் பசேலென்று புல்வெளி, தூரத்தில் மாதாகோவில் மணி, வாடகையும் குறைவு. ஏற்காட்டுக்குக் கோடை விழாவுக்குப் போய்விட்டு, ‘இங்கேயே ஒரு வீடு வாங்கிவிடலாமா’ என்று ஒருமுறையாவது கேட்காத சேலத்துக்காரர் உண்டா? அதே மயக்கம்தான். மேலே எஸ்டேட்டில் குடியிருப்பவரைக் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார்: நவம்பர் மூடுபனியில் நான்கு நாள் ஆனாலும் துணி காயாது, பெரிய வைத்தியம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குத்தான் வர வேண்டும். எங்கள் கிராமத்துக்கு மணிக்கு ஒரு பஸ். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. கணவருக்குக் கார் இருந்தது. எனக்கு ஜன்னல் இருந்தது.

அந்த ஜன்னலும் டிசம்பரில் பயன்படவில்லை. சேலத்தில் மாலை ஆறு மணிக்கு முன்னும் பின்னும் இருட்டிப் பழகியவர்கள் நாம். பெர்லினில் டிசம்பர் பின்பாதியில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அதே ஊரில் ஜூன் மாதம் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். அதனால் கோடையில் வீடு பார்க்கும்போது, பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடந்து பாருங்கள். இதே பாதையில் இருட்டிலும் பனியிலும் கையில் பால் பையோடு வர முடியுமா என்று யோசியுங்கள். தம்பதியாகப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: வேலை இல்லாமல் முதல் ஒரு வருடம் வீட்டில் இருக்கப்போகிறவர் யாரோ, அவருடைய கால்களுக்கு எட்டுகிற மாதிரி வீடு பாருங்கள். சம்பாதிக்கிறவருக்குப் போக்கிடம் தானாக அமைந்துவிடும்.

நர்ஸ்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. காலை ஷிப்ட் ஆறு மணி வாக்கில் தொடங்கிவிடும், ஞாயிறும் உண்டு. ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் அந்த வீட்டு முகவரியையும் ஆஸ்பத்திரி முகவரியையும் போட்டு, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எப்படிப் போவது என்று தேடுங்கள். திங்கள் காலை எட்டு மணிக்குத் தேடினால் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.

இப்போது போகிறவர்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2023 மே மாதம் வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட். மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025இல் 58, 2026இல் 63 என்று ஏறிவிட்டது, ஆனாலும் லாபம்தான். நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், பாசஞ்சர் ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. இதை வைத்துக்கொண்டு, பெரிய நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி தள்ளியிருக்கும் சிற்றூரில், ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள். நாட்டிலேயே வாடகை அதிகமான ஊர் மியூனிக். அங்கே நடு நகரத்தில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் சம்பளத்தில் பெரும் பகுதி வாடகைக்கே போய்விடும்.

விளம்பரத்தைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. ‘கால்ட்மீட்ட’ என்றால் குளிர் வாடகை, அதாவது வெறும் சுவருக்கு. ‘வார்ம்மீட்ட’ என்றால் வீட்டைச் சூடாக்கும் செலவு, தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் சேர்ந்தது; பெரும்பாலும் மின்சாரமும் இன்டர்நெட்டும் அதில் அடங்காது. முதல் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். ‘2 ட்ஸிம்மர்’ என்றால் ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும். சமையலறை, குளியலறை கணக்கில் வராது. அந்தச் சமையலறையிலும் சிங்க், அடுப்பு, அலமாரி எதுவுமே இல்லாமல் நான்கு குழாய் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கலாம். முந்தைய குடித்தனக்காரர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். முதல் வருடம் போகிறவர்கள் சமையலறை பொருத்திய வீட்டைத்தான் தேட வேண்டும். முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சாவியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவி கூரியரில் வரும்’ என்று எழுதுகிறவன் திருடன்.

இங்கிருந்தபடியே நிரந்தர வீடு பிடிக்க முயல்வதை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத் தற்காலிக அறை போதும். ஆனால் அந்த அறை முகவரிப் பதிவுக்கு உதவ வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், ‘அன்மெல்டுங்’ என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அதன் பெயரை வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லச் சொல்வேன்: வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, தாளை வாங்கிவிடுங்கள். சில வீட்டுக்காரர்கள் அறை தருவார்கள், தாள் தர மாட்டார்கள். அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு ஆனால்தான் வரி எண் வரும், விசா அலுவலகத்து வேலை நகரும்.

அந்த வரி எண் தபாலில் வரும். இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குவார்கள். அங்கே பெரும்பாலான அடுக்ககங்களில் ஃபிளாட் எண் என்று ஒன்று கிடையாது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். குடியேறிய அன்றே, சாமான்களைப் பிரிப்பதற்கு முன்னால், ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் பெயரை எழுதித் தபால் பெட்டியில் ஒட்டுங்கள். நம் தகப்பன் பெயர் இங்கே ஒரு முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் முழுசாக நிற்கும்; இரண்டையும் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பூஞ்சணம். அங்கே ஜன்னல்கள் காற்றுப் புகாமல் இறுக்கமாக மூடும். உள்ளே நாம் சாதம் வடிப்போம், சாம்பார் கொதிக்க வைப்போம், துணியைக் கட்டிலின் மேல் காயப்போடுவோம். அந்த ஈரம் முழுவதும் குளிர்ந்த சுவரில் போய்ப் படிந்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூத்துவிடும். வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்ப்பார். எங்கள் முன்பணத்தில் ஒரு பகுதி இப்படித்தான் போனது. ஆகவே வீடு பார்க்கும்போதே மூலைகளைப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஒற்றை மூலை இருந்தால் கேளுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் இல்லாத சமையலறையில் கடுகு தாளித்தால் உங்கள் குளிர்கோட்டு வசந்தகாலம் வரை மணக்கும். குடியேறிய பிறகு, எவ்வளவு குளிராக இருந்தாலும் தினமும் இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள்.

தமிழர் பக்கத்தில் இருக்க வேண்டுமா? வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், ரயில் எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்பது என் கட்சி. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஈழத்தமிழர்கள் நிறைய. ஹம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. ஆண்டுத் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அவர்கள் கடையில் கிடைக்கும். நமக்கு முன்னால் அந்தப் பாதையைப் போட்டவர்கள் அவர்கள். கடையில் போய்ப் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். ஆனால் ஒரே கட்டடத்தில் பத்துத் தமிழ்க் குடும்பம் இருந்தால் உங்கள் ஜெர்மன் முதல் நிலையிலேயே நின்றுவிடும். ஆசிரியை என்ற முறையில் இதில் எனக்குச் சுயநலம் உண்டு.

குழந்தை இருப்பவர்கள் மாநிலத்தைப் பார்த்து முடிவெடுங்கள். 16 மாநிலங்களுக்கும் பள்ளிக்கூட முறை தனித்தனி. பவேரியாவில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினில் ஆறாம் வகுப்பு வரை சேர்ந்து படிக்கலாம். ஜெர்மன் தெரியாமல் எட்டு வயதில் போய் இறங்கும் குழந்தைக்கு அந்த இரண்டு வருடம் பெரிது. ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 முதல் சட்டப்படி இருக்கிறது. இடம்தான் பல ஊர்களில் இல்லை. முகவரி கிடைத்த அன்றே பெயரைப் பதிந்துவையுங்கள்.

கடைசி வகுப்பில் எல்லோரும் கேட்பது கிரைண்டர். கொண்டுபோகலாம். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். இரவு பத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டாதீர்கள், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆனால் பெட்டியில் வைப்பதற்கு முன், பார்த்திருக்கும் வீடு எத்தனையாவது மாடி என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது. நான் நான்காவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன், கல்லைத் தனியாக, டிரம்மைத் தனியாக.