பால் கவரை மறுசுழற்சிக்குத் தயார் செய்வது எப்படி?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை வந்தபோதும் பால் கவருக்கு விலக்கு கிடைத்தது. அது பாலிஎத்திலீன் வகை பிளாஸ்டிக். சுத்தமாகச் சேர்த்தால் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். அதைக் கெடுப்பது உள்ளே ஒட்டியிருக்கும் பால்தான். அது புளித்து நாறும், புழு வைக்கும், எடைக்கு வாங்குபவரும் வேண்டாம் என்பார்.

பாலை ஊற்றும்போது மூலையை முழுதாக வெட்டி எடுக்காதீர்கள். பாதி வெட்டி, துண்டு கவரிலேயே தொங்கும்படி விடுங்கள். தனியாக விழும் அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது. அது சாக்கடைக்கோ மாட்டின் வயிற்றுக்கோதான் போகும். பால் காலியானதும் மேல்பக்கம் முழுவதையும் கீறித் திறந்து, கால் டம்ளர் தண்ணீர் விட்டு உடனே அலசுங்கள். காய்ந்து ஒட்டிவிட்டால் சோப்பு தேவைப்படும். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். கவரைக் கொடியில் கிளிப் போட்டு உள்பக்கமும் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும்.

அரை லிட்டர் கவர் 2, 3 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ சேர ஏறக்குறைய 330 முதல் 500 கவர் வரை வேண்டும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே சாக்கில் போட்டால் பழைய பேப்பர் கடைக்காரருக்கும் கட்டுப்படியாகும்.

உள்ளே வெள்ளியாக மின்னும் சிப்ஸ், பிஸ்கட் உறைகளை இந்தச் சாக்கில் கலக்கவே கூடாது. பல அடுக்கு ஒட்டிய அவற்றைப் பிரிக்க முடியாது. தனிப் பையில் கட்டி, உலர் குப்பையில் கொடுங்கள். வெந்நீர் அடுப்பு பற்றவைக்க எந்தக் கவரையும் எரிக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு.