கார் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுது? கணக்கு பிசகும் இடங்கள்

ஓடின தூரத்தை லீற்றரால் வகுக்க எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் புதுசாகக் கார் எடுத்தவர்கள் ஒரே காருக்கு ஒரு கிழமை 22 என்பார்கள், அடுத்த கிழமை 11 என்பார்கள். பிசகு வகுத்தலில் இல்லை, லீற்றரில்.

'ஃபுல்' எது?

டாங்கை நிரப்பி ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். ஓடிவிட்டுத் திரும்ப நிரப்பும்போது போகிற லீற்றர்தான் கார் குடித்தது. முதல் தடவை அடித்தது கணக்கில் வராது.

ஆனால் இரண்டு முறையும் ஒரே மட்டத்துக்கு நிரம்ப வேண்டும். பம்ப் குழாய் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெற்றோல் அதை மூடியதும் 'கிளிக்' என்று தானாக நிற்கும். அங்கேதான் காரியம் கெடுகிறது. மீற்றர் 8,430 ரூபாயில் நிற்கும். "சில்லறை இல்ல தம்பி, 9,000க்கு அடிச்சு விடுங்க" என்பார் காருக்குள் இருப்பவர். தம்பியும் காரைக் குலுக்கிக் குலுக்கி இன்னும் 2 லீற்றரளவு இறக்கிவிடுவார்.

காத்தான்குடி, கல்முனை என்று 90 கிலோமீற்றர் ஓடிய கார் 6 லீற்றர் குடித்திருந்தால் லீற்றருக்கு 15. முதல் தடவை 2 லீற்றர் மிதமிஞ்சி அடித்து, அடுத்த தடவை கிளிக்கோடு நிறுத்தினால் பில் துண்டில் 4 லீற்றர்தான் இருக்கும்: 22.5! மாறி நடந்தால் 8 லீற்றர்: 11.25. அதே பிசகு 420 கிலோமீற்றர் ஓட்டத்தில் 15ஐ 16 ஆக்குவதோடு போய்விடும். ஆகவே டாங்க் காற்பங்குக்கு இறங்கும்வரை ஓடுங்கள். அதே பெற்றோல் ஷெட், அதே பம்ப், சமதரை, முதல் கிளிக். வேகமாக அடித்தால் நுரை எழும்பி முன்னதாகவே நின்றுவிடும். மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு கெட்டால் கெடட்டும், காசும் போகும். டாங்கில் எழும்பும் ஆவியைப் பிடிக்கக் கரி நிரப்பிய கனிஸ்டர் ஒன்று இருக்கிறது. கிளிக்குக்குப் பிறகும் அடிக்கும் மேலதிக பெற்றோல் திரவமாகவே அதற்குள் போனால் கரி ஊறிப்போகும். பிறகு பெற்றோல் அடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் இழுபடும், மணம் வரும், எஞ்சின் லைட் எரியும். கராஜில் பிளக்கைத்தான் முதலில் மாற்றுவார்கள். கனிஸ்டரில் வந்து நிற்கும்போது மிச்சம் பிடித்த சில்லறையெல்லாம் எம்மாத்திரம்!

பெற்றோல் முள்ளைப் பார்த்துக் கணக்கு

வேண்டாம்.

சராசரிக்குச் சராசரி

கரையோர ரோட்டில் 300 கிலோமீற்றருக்கு 15, மகியங்கனைப் பக்கம் மலையேறி 300 கிலோமீற்றருக்கு 10. சராசரி 12.5 இல்லை. குடித்தது 20 + 30 லீற்றர். 600ஐ 50ஆல் வகுத்தால் 12.

டிஸ்பிளே காட்டும் எண்

அது மதிப்பீடு. மூன்று ஃபுல் கணக்கோடு ஒப்பிட்டு எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்து வையுங்கள்.

ஜப்பான் கட்டலொக் எண்

சோதனைக் கூடத்து எண். ஏசி போட்டு மட்டக்களப்பு வெயிலில் ஓடுகிற காருக்கு அது பொருந்தாது.

கலன்

பழைய ஆட்கள் "கலனுக்கு 40 மைல்" என்றால் அது 4.546 லீற்றர் கலன், லீற்றருக்கு 14.2 கிலோமீற்றர். அமெரிக்க வீடியோவில் வரும் 40 மைல், 3.785 லீற்றர் கலனுக்கு, அது 17.