‘நல்லாத்தானே கலைச்சேன்!’: சீட்டுக் கலைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபம். ரிசப்ஷன் சாப்பாடு முடிந்ததும் மாடியில் ஜமுக்காளம் விரித்து ரம்மி. முந்தின ஆட்டத்தில் நான் இறக்கிய ஆர்ட்டின் 7, 8, 9, இந்த ஆட்டத்தில் நடுக்கட்டிலிருந்து உருவ உருவ அதே வரிசையில் வந்தன. “நல்லாத்தானே கலைச்சேன்!” என்றார் சித்தப்பா.

கலைத்தார்தான், நம்மில் பலரும் கலைக்கிற மாதிரி. கட்டைக் கையில் பிடித்து, கொத்துக் கொத்தாக எடுத்து முன்னால் போடுவது. பெரிய தவறு இதுதான். 52 சீட்டில் அடுத்தடுத்து இருக்கும் ஜோடிகள் 51. பத்துக் கொத்தாகப் பிரித்துப் போட்டால் பிரிவது 9 ஜோடி. மற்ற 42 ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த வழியில் ஒழுங்காகக் கலைய சுமார் 10,000 தடவை வேண்டும் என்பது கணிதக்காரர்கள் சொல்லும் கணக்கு. விடிந்துவிடும், முகூர்த்தமே முடிந்துவிடும்.

கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் சரசரவென்று விட்டுக் கோர்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் மூன்று தடவையோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு தடவை கோர்த்தால் பழைய வரிசை இரண்டு இழைகளாக ஊடுருவிக் கிடக்கும். அடுத்த தடவை நான்கு. ஐந்து தடவை கோர்த்தாலும் அதிகபட்சம் 32 இழைதான். கட்டு அப்படியே தலைகீழாக வர, ஒவ்வொரு சீட்டும் தனி இழையாகி, 52 இழை தேவை. ஆகவே ஐந்தில் அது நடக்கவே நடக்காது.

1992இல் கணிதக்காரர்களான டேவ் பேயரும், முன்பு மந்திர வித்தைக்காரராக இருந்த பெர்சி டயகோனிஸும் இதைக் கணக்கிட்டார்கள். துளியும் கலையாதது 1, முழுக்கக் கலைந்தது 0 என்று வைத்தால், நான்கு தடவை வரை கிட்டத்தட்ட 1தான், ஐந்தில் 0.924, ஆறில் 0.614, ஏழில் 0.334. அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் ஏறக்குறையப் பாதியாகும். ‘ஏழு போதும்’ என்ற பேச்சு இங்கிருந்து வந்தது. ரம்மியில் இரண்டு கட்டு என்பதால் இன்னும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

சீட்டை வெட்டினால் கலைந்துவிடும் என்பதும் தப்பு. வெட்டு, கட்டைச் சுழற்றி வைக்கிறது, அவ்வளவே. போடுகிறவர் தில்லுமுல்லு செய்யாமலிருக்க அது நல்லது.

லாவகம் மிஞ்சினாலும் வினைதான். சரிபாதியாகப் பிரித்து, மேல் சீட்டு மேலேயே நிற்க, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிசகாமல் எட்டு தடவை கோர்த்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்கே திரும்பிவிடும்!

சித்தப்பாவுக்கு இந்தக் கவலை இல்லை. அவர் கோர்த்தால் சீட்டு பறக்கும். அதனால் ஜமுக்காளத்தில் மொத்தத்தையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிஷம் அளையச் சொன்னேன். மிச்ச ஆட்டம் அப்படியே நடந்தது. மூலை மடங்குகிறதே என்று கட்டு வாங்கி வந்த மாமாதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.